சேர்புறூக் வீதியும் பழைய 'பத்ரோன்' உறைகளும்

மொன்றியலுக்குப் புதிதாக வந்து சேரும் எமது குடும்பங்களிற் பல கோத்-த-நேஜ் பகுதியிலோ பார்க் எக்ஸ்ரென்சன் பகுதியிலோதான் முதல் வீட்டை எடுக்கின்றன. மரக்கறிக் கடை, தெரிந்த முகம், ஊர்க் கதை எல்லாம் அங்கேதான். ஆகவே டெக்காரி நெடுஞ்சாலைப் பள்ளத்தைத் தாண்டி மேற்கே போக வேண்டிய தேவை பலருக்கு வருவதில்லை. அந்த மேற்குப் பக்கத்தைப் பற்றியும், தையல் தெரிந்த அம்மாமாருக்கும் வளர்ந்து வரும் பெண்பிள்ளைகளுக்கும் அங்கே கிடைக்கும் ஒரு பொருளைப் பற்றியும் இம்முறை எழுதலாம் என்று நினைத்தோம். நாம் என்பது நாலு பெண்கள். எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் இங்கு வந்தவர்கள். நால்வருக்கும் தையல் தெரியும். அதில் இருவர் ஷபனெல் வீதித் தையற்சாலைகளில் வருடக்கணக்காக வேலை செய்தவர்கள்.

ஒறேஞ்ச் மெற்றோவில் வான்டோம் நிலையத்தில் இறங்கி 105ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால் அது சேர்புறூக் வீதி வழியே மேற்கு நோக்கிப் போகும். அதுதான் நோத்ர-டாம்-த-கிரேஸ். கருணை மாதாவின் பெயர். ஆங்கிலம் பேசுபவர்கள் சுருக்கி என்.டி.ஜி. என்பார்கள். 1910இல் மொன்றியல் நகரத்தோடு சேர்க்கப்படும் வரைக்கும் இது தனி ஊர். அதற்கு முன்பும் பின்பு கொஞ்சக் காலமும் தோட்டக் காணிகள். இங்கே விளைந்த மொன்றியல் மெலன் என்ற பழம் அமெரிக்காவின் பெரிய ஹோட்டல்கள் வரை போனதாம். எங்கள் வெள்ளரிப்பழத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தோட்டங்கள் போய்ச் செங்கல் வீடுகள் வந்தன. மேலே ஒரு குடும்பம், கீழே ஒரு குடும்பம் என்று இரண்டு தட்டு வீடுகள். மொங்க்லண்ட் வீதிப் பக்கம் வசதியானவர்கள். வோக்லி வீதிப் பக்கம் மாடிக் குடியிருப்புகள், அங்கேதான் எங்களைப் போன்ற வந்தேறு குடும்பங்கள். இன்னும் மேற்கே போனால் கொன்கோர்டியா பல்கலைக்கழகத்தின் லொயோலா வளாகம்.

எங்களைச் சேர்புறூக் வீதிக்கு முதன்முதல் இழுத்தது பல்கலைக்கழகமும் இல்லை, பழமும் இல்லை. தேவாலயங்களின் நிலக்கீழ் மண்டபங்களில் நடக்கும் பழைய சாமான் விற்பனைதான். பிரெஞ்சில் 'பசார்' என்று பலகை எழுதிப் போடுவார்கள். வசந்தத்திலும், குளிர் தொடங்குமுன் இலையுதிர் காலத்திலும் சனிக்கிழமைகளில் நடக்கும். குளிர்ச் சப்பாத்து, கோப்பை, போர்வை, பிள்ளைகளின் கோட்டு என்று வந்த புதிதில் எங்கள் வீடு முழுக்க அங்கேயிருந்துதான் நிரம்பியது. அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. புதிதாக வந்தவர்கள் கட்டாயம் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

1992 வசந்தத்தில் அப்படிப் போன ஓரிடத்தில், மேசையின் கீழே ஒரு வாழைப்பழப் பெட்டி. அதற்குள் கடித உறை போன்ற தாளுறைகள் நெருக்கி அடுக்கியிருந்தன. நூறுக்கு மேல் இருக்கும். ஒவ்வொரு உறையின் முகப்பிலும் வர்ணத்தில் கீறிய இளம்பெண்கள். ஒருத்தி ரெனிஸ் மட்டையோடு, ஒருத்தி சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, ஒருத்தி கடற்கரையில் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு. கட்டைக் காற்சட்டை, முழங்காலுக்குக் கீழே நிற்கும் காற்சட்டை, பிரிந்த பாவாடை, கையில்லாச் சட்டை, கழுத்தோடு கட்டும் சட்டை. எங்களில் ஒருவர் ஒரு உறையைத் திறந்து பார்த்தார். உள்ளே வெங்காயத் தோல் போன்ற மெல்லிய பழுப்புத் தாளில் முன்பக்கம், பின்பக்கம், பொக்கற், இடுப்புப் பட்டி என்று வெட்டு அளவுகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. உறை ஒன்று 25 சதம். அது நாற்பது வருடத்துக்கு முன் புதிதாக விற்கப்பட்டபோது அச்சடித்திருந்த விலை 35 சதம்.

இந்தப் பெட்டிகள் ஏன் இந்தப் பகுதியில் அகப்படுகின்றன என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்து வந்த படைவீரர் குடும்பங்களுக்கென்று 1946, 47இல் கட்டிய பெனி பாம் குடியிருப்பு இங்கேதான் இருக்கிறது. அந்தக் காலத்தில் இங்கிருந்தவர்களிற் பெரும்பாலோர் ஆங்கிலம் பேசும் நடுத்தரக் குடும்பங்கள். அம்மா வீட்டில் மெசினில் தைப்பார், மகள் அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போவாள். துணியும் உறையும் நகர மத்தியில் ஈற்றன்ஸ் போன்ற பெரிய கடைகளில் வாங்குவார்கள். (அந்த ஈற்றன்ஸ் 1999இல் மூடுண்டது.) 1976இல் கியூபெக் கட்சி ஆட்சிக்கு வந்து, அடுத்த வருடம் பிரெஞ்சு மொழிச் சட்டமும் வந்தபின் ஆங்கிலம் பேசுவோர் பலர் ரொறொன்ரோவுக்கும் அப்பாலும் போய்விட்டார்கள். பிள்ளைகள் போனார்கள், தாய்மார் இருந்தார்கள். அந்தத் தாய்மார் முதியோர் இல்லத்துக்குப் போகும்போது, அலுமாரியின் மேற்தட்டில் இருந்த தையற்பெட்டி தேவாலய மேசைக்கு வரும். வீட்டைப் பூட்டிவிட்டுச் சாமான்களை விட்டுப் போவது என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியும். இருந்தாலும் இரண்டையும் ஒரே தராசில் வைக்க எங்களுக்கு மனமில்லை. அவர்கள் போன வீதியில் குண்டு விழவில்லை.

உறைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் ஸ்ரேர்லிங் என்ற சிறிய ஊரில் எபனேசர் பட்டரிக் என்ற தையற்காரர் 1863இல் அளவு அளவாக வெட்டிய தாள்களை விற்கத் தொடங்கினார். அதற்கு முந்திய தாள்களை வாங்கியவர் தன் உடம்புக்கேற்பத் தானே பெருப்பித்துக்கொள்ள வேண்டும். பிறகு மக்கோல், வோக் என்று கம்பனிகள் வந்தன. 1927இல் வந்த சிம்ப்ளிசிற்றி விலையைக் குறைத்து 15 சதத்துக்கு விற்றதால் சாதாரண வீடுகளுக்குள் போய்விட்டது. எங்கள் பெட்டியில் பாதிக்கு மேல் சிம்ப்ளிசிற்றிதான்.

'ஸ்போர்ட்ஸ்வெயர்' என்று அந்த உறைகளில் போட்டிருப்பதை விளையாட்டு உடை என்று மட்டும் எடுத்துக்கொள்ளக்கூடாது. ஓடியாட, சைக்கிள் ஓட, கடைக்குப் போக, சும்மா வெயிலில் இருக்க என்று உடம்பை இறுக்காத உடைகள் எல்லாவற்றுக்கும் அமெரிக்காவில் அந்தப் பெயர் வந்துவிட்டது. கிளெயர் மக்கார்டெல் என்ற வடிவமைப்பாளர் (1905–1958) அந்த வகை உடைகளுக்குப் பெயர் போனவர். 1942இல் அவர் செய்த 'பொப்-ஓவர்' என்ற சுற்றிக் கட்டும் சட்டை வீட்டு வேலைக்கென்று வந்தது. பெரிய பொக்கற் வைத்தது. பெண்பிள்ளையின் சட்டைக்குப் பொக்கற் வைப்பது ஒரு கொள்கை என்று எங்களுக்கு அப்போது தெரியாது. இப்போது மெற்றோ அட்டையும் திறப்பும் ரெலிபோனும் வைக்க இடமில்லாமல் மகள்மார் முணுமுணுக்கும்போது தெரிகிறது.

பெட்டியில் எங்களுக்கு மிகவும் பிடித்தது 1940களின் 'பிளேசூட்' உறை ஒன்று. மேற்சட்டையும் கட்டைக் காற்சட்டையும் ஒன்றாய்த் தைத்த உடை. அதோடு முன்னால் தெறி வைத்த ஒரு பாவாடையும் சேர்த்துத் தருகிறார்கள். கடற்கரையில் பாவாடையைக் கழற்றலாம், வீதியால் நடக்கும்போது அதைப் போட்டுக்கொள்ள வேண்டும். அதாவது இந்த நாட்டிலும் எண்பது வருடத்துக்கு முன் ஒரு பெண் வெறுங்காலோடு வீதியில் நடப்பதென்றால் நாலுபேர் கதைப்பார்கள் என்ற பயம் இருந்திருக்கிறது. கியூபெக்கில் கத்தோலிக்கப் பெண்கள் அமைப்புகள் அடக்கமான உடைக்காக இயக்கமே நடத்தின. இன்னொன்றும் சொல்லிவிடுகிறோம். கியூபெக் பெண்களுக்கு மாகாணத் தேர்தலில் வாக்குரிமை கிடைத்தது 1940இல். இலங்கையில் எங்கள் அம்மம்மாமாருக்கு அது 1931இலேயே கிடைத்துவிட்டது. "இவர்கள் எப்போதும் இப்படித்தான், நாங்கள் எப்போதும் அப்படித்தான்" என்று பிள்ளைகளிடம் சொல்லுமுன் இதை நினைத்துக்கொள்வது நல்லது.

அந்தப் பெட்டியை வாங்குவதா என்பதில் எங்களுக்குள்ளேயே ஒற்றுமை இருக்கவில்லை. "உந்தப் படங்களை வீட்டிலை வைச்சுப் பெட்டையளுக்குக் காட்டவோ?" என்று ஒருவர் கேட்டார். அவருடைய பயம் எங்களுக்கு விளங்கியது. ஊரை விட்டு வந்து, காசில்லாமல், மொழியில்லாமல், கணவன் இரவு வேலை, தான் பகல் வேலை என்று இருக்கும் ஒரு தாய்க்குக் கையிலிருக்கும் ஒரே பிடி பிள்ளையின் உடுப்புத்தான் என்று தோன்றும். கடைசியில் ஆளுக்குக் கொஞ்சமாகக் காசு போட்டு, முழுப் பெட்டியையும் பேரம் பேசி ஆறு டொலருக்கு வாங்கி, 105இல் மடியில் வைத்துக்கொண்டு வந்தோம்.

எங்களில் ஒருவரின் மகளுக்கு அப்போது 13 வயது. இங்கே பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி கட்டாய பாடம். கட்டைக் காற்சட்டையும் ரீ சேட்டும் போடவேண்டும். தாய் நீளக் காற்சட்டைதான் கொடுத்துவிடுவார். யூன் மாத வெக்கையில் திடலில் எல்லாரும் ஓட, இந்தப் பிள்ளை கணுக்கால் வரை மூடிக்கொண்டு நிற்கும். பிறகு அதுவும் இல்லை. வயிற்றுக்குத்து என்று தானே கடிதம் எழுதித் தாயிடம் கையெழுத்து வாங்கியது. தாய்க்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியாது. நாலாவது கடிதத்தோடு ஆசிரியை வீட்டுக்கு ரெலிபோன் எடுத்தார். "உங்கள் மகளுக்கு வைத்தியரிடம் காட்டினீர்களா?" என்று அவர் கேட்டபோதுதான் தாய்க்கு விசயம் தெரியவந்தது.

வீட்டில் அன்றிரவு பெரிய சண்டை. "ஒரு ட்றாக் சூட் வாங்கிக் குடுத்தால் முடியிற கதை" என்றார் தகப்பன். "எல்லாரும் போடுகினம் அம்மா. நான் மட்டும் வீட்டு வேலைக்காரி மாதிரி நிக்கிறன்" என்றது பிள்ளை. "முழங்காலுக்கு மேலை ஒண்டும் வேண்டாம்" என்றார் தாய். அதற்கு மேல் யாரும் பேசவில்லை. சோறு ஆறிப்போனது.

அடுத்த ஞாயிறு நாங்கள் அங்கே போயிருந்தபோது, எங்களில் மூத்த அக்கா ஒரு கேள்வி கேட்டார். "ஏன் பிள்ளை, நாங்கள் நெற்போல் விளையாடேக்கை என்ன போட்டனாங்கள்?" உண்மைதான். உடுவில், சுண்டிக்குளி, வேம்படி என்று எந்தப் பெண்கள் பள்ளிக்கூடத்தை எடுத்தாலும் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு வெள்ளைக் கட்டைப் பாவாடையோ பிரிந்த பாவாடையோ போட்டுத்தான் ஓடினோம். முழங்கால் தெரிந்தது. அதிபர் கதிரையில் இருந்து கைதட்டினார். அப்பாமார் மதிலுக்கு வெளியே சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். தாய் ஒன்றும் சொல்லவில்லை. எழும்பிப் போய்த் தேத்தண்ணீர் போட்டார். திரும்பி வரும்போது, "அது பள்ளிக்கூட மதிலுக்குள்ளை" என்றார். அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. இங்கே மதில் இல்லை.

பெட்டியில் 1960களின் உறை ஒன்று இருந்தது. ஒரே தாளில் மூன்று கோடு. மேற்கோட்டில் வெட்டினால் கட்டைக் காற்சட்டை, நடுக்கோட்டில் முழங்காலுக்குச் சற்று மேலே நிற்கும் பெர்முடா, கீழ்க்கோட்டில் கெண்டைக்கால் வரை வரும் 'பெடல் புஷர்'. பெடல் புஷர் என்றால் சைக்கிள் மிதிப்பவள் போடுவது. சங்கிலியில் துணி மாட்டாது. யாழ்ப்பாணத்தில் பாவாடையை இடுக்கிப் பிடித்துக்கொண்டு ரியூட்டரிக்குச் சைக்கிள் ஓடிய எங்களுக்கு அதன் அருமை சொல்லித் தெரியவேண்டியதில்லை. தாளை மேசையில் விரித்தோம். பிள்ளை மேற்கோட்டில் விரலை வைத்தது. தாய் கீழ்க்கோட்டில் கையை வைத்தார். அளவு நாடாவை வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் இடையே 14 அங்குலம். அதுவரை 'மானம்', 'சுதந்திரம்' என்று பெரிய பெரிய சொல்லாய் இருந்த சண்டை, அந்த மேசையில் அங்குலக் கணக்காகியது. அங்குலம் என்றால் தையற்காரிக்குப் பேசமுடியும்.

முழங்காலுக்கு இரண்டு அங்குலம் மேலே என்று முடிந்தது. தாய் கெட்டிக்காரி. அடி மடிப்புக்கு ஒரு அங்குலம் போதும், அவர் மூன்று அங்குலம் விட்டு மடித்தார், பிறகு இறக்கலாம் என்று. கடும் நீலப் பருத்தித் துணி, இடுப்புக்கு இலாஸ்ரிக், வலப்பக்கம் பொக்கற். அடுத்த கிழமை பிள்ளை ஓடியது. அடுத்த வருடம் அதே காற்சட்டை இன்னும் ஒரு அங்குலம் மேலே ஏறியிருந்தது. யார் ஏற்றியது என்று பார்த்தால் தையல் கோணல்மாணலாக ஓடியிருந்தது. தாய் இல்லாத நேரத்தில் பிள்ளை தானே மெசினில் ஏறியிருக்கிறது. தாய் பேசவில்லை. மூட்டை அவிழ்த்து, அதே உயரத்தில், நேராகத் தைத்துக் கொடுத்தார்.

ஷபனெல் பற்றி இந்த இடத்தில் சொல்லவேண்டும். 1986 ஓகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கரையோரம் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் மீட்கப்பட்ட செய்தி உலகமெங்கும் போனது. அந்தக் காலத்தை ஒட்டி இந்த நகரத்துக்கு வந்த பெண்களிற் பலருக்கு முதல் வேலை ஷபனெல் வீதியில் உள்ள உயரமான கட்டிடங்களில்தான். எங்களில் இருவர் அப்படிப் போனவர்கள். ஊரில் முழுச் சட்டையையும் அளந்து, வெட்டி, மூட்டி, இறேந்தை வைத்து, தெறி தைத்துக் கொடுத்த கை. அங்கே ஒருவருக்கு ஐந்து வருடமும் இடக் கை மூட்டு மட்டுந்தான். ஒரு கட்டு வரும், ஓவர்லொக்கில் ஓட்டுவார், அடுத்த கட்டு வரும். துண்டுக்கு இத்தனை சதம் என்று கூலி. சட்டை முழுதாக எப்படி இருக்கும் என்று அவர் ஒருநாளும் காணவில்லை. ஒரு தொழிற்சாலையில் கடைசி இரண்டு கிழமைக் கூலி கொடுக்காமல் ஒரு திங்கட்கிழமை கதவு பூட்டியிருந்தது. 2005இல் உலகத் துணி ஒதுக்கீட்டு முறை முடிவுக்கு வந்தபின், ஏற்கெனவே மெலிந்து கொண்டிருந்த ஷபனெல் தையல்வேலை இன்னும் சுருங்கிவிட்டது.

அந்த அக்காதான் எங்கள் பெட்டியில் இருந்து முதன்முதல் ஒரு முழு உடை தைத்தவர். இரவு வேலை முடிந்து வந்து, ஒரு ரெனிஸ் சட்டையை மூன்று இரவில் தைத்து முடித்தார். அவருக்குப் பெண்பிள்ளை இல்லை. யாருக்கென்று கேட்டோம். "ஒருத்தருக்குமில்லை. கழுத்திலையிருந்து அடி மட்டும் நான் தைச்சது" என்றார். பிறகு எங்கள் பிள்ளை ஒன்று அதை ஒரு கோடை முழுக்கப் போட்டுத் தேய்த்தது.

மொழிப் பகிடி ஒன்று. பிரெஞ்சில் இந்த வெட்டு அளவுத் தாளுக்குப் பெயர் 'பத்ரோன்'. முதலாளிக்கும் அதே சொல்தான். ஷபனெலில் பத்ரோன் என்றாலே பயந்து பழகிய எங்களுக்கு, 25 சதத்துக்கு ஒரு பத்ரோன் வாங்கலாம் என்பது ஆறுதலாய் இருந்தது. இடுப்புக்கும் உடுப்பின் அளவுக்கும் பிரெஞ்சில் ஒரே சொல், கேட்டால் எங்கள் 'தாய்' போலவே ஒலிக்கும். கடைக்காரர் "தாய்?" என்று கேட்டால் அம்மாவை விசாரிக்கவில்லை, அளவைத்தான் கேட்கிறார். பிரிந்த பாவாடை வேண்டுமானால் 'ஜூப்-கியூலோத்' என்று முழுதாகச் சொல்லுங்கள். 'கியூலோத்' என்று மட்டும் கேட்டால் உள்ளாடைப் பகுதிக்கு அனுப்பிவிடுவார்கள்.

இனி, உறை வாங்க நினைப்பவர்களுக்கு நாங்கள் கற்றுக்கொண்ட சில விசயங்கள். முதலாவது, உறையின் மேல் இருக்கும் அளவு இலக்கத்தை நம்பவேண்டாம். 34 அங்குல மார்பளவுக்கு 1950களின் தொடக்கத்து உறையில் 16 என்று இருக்கும். 1956ஐ ஒட்டி இலக்கத்தை மாற்றினார்கள், அதே 34 அங்குலம் 14 ஆகியது. 1967, 68இல் திரும்பவும் மாற்றி 12 ஆக்கினார்கள். கடையில் இன்று தொங்கும் ஆயத்த உடையின் இலக்கம் இதில் எதோடும் பொருந்தாது. ஆகவே பின்பக்கம் அச்சிட்டிருக்கும் மார்பு, இடுப்பு அங்குலத்தை மட்டும் பாருங்கள். பழைய உறைகளில் ஒரு உறைக்கு ஒரே அளவுதான் இருக்கும். இது பிள்ளைக்கும் சொல்லவேண்டிய கதை. இலக்கம் கூடிவிட்டது என்று சாப்பாட்டைக் குறைக்கும் வயது அது. இலக்கம் கம்பனிக்காரன் மாற்றுவது, உடம்பு அப்படியேதான் இருக்கிறது.

இடுப்பில் கவனம் வேண்டும். அந்தக் காலத்து அளவுகள் ஒடுங்கிய இடுப்பை நினைத்துக் கீறியவை. 34 மார்புக்கு இருபத்தாறரை இடுப்பு என்பார்கள். நல்ல துணியில் கத்தரிக்கோல் வைக்குமுன் பழைய படுக்கை விரிப்பில் ஒருமுறை வெட்டித் தைத்துப் போட்டுப் பாருங்கள்.

எங்களுக்கு ஒரு வசதியும் இருக்கிறது. இந்த நாடு 1970களில் மீற்றருக்கு மாறியது. அதற்கு முந்திய உறைகளில் எல்லாம் அங்குலமும் யாரும்தான். ஊரில் நாங்கள் பழகியதும் அதுவே. ஒரு யார் ஏறக்குறைய 91 சென்ரிமீற்றர் என்று மட்டும் நினைவில் வைத்தால் துணிக்கடையில் சிக்கல் இல்லை. பழைய உறைகளில் துணி வேண்டிய கணக்கு 35, 36 அங்குல அகலத்துக்குப் போட்டிருக்கும். இப்போதைய துணி 45 அல்லது 60 அங்குலம், குறைவாக வாங்கினாலே போதும். சேலையும் ஏறக்குறைய 45 அங்குல அகலந்தான். கிழிந்த பருத்திச் சேலையின் நல்ல பகுதியில் ஒரு கோடைக்கால மேற்சட்டையும் ஒரு கட்டைக் காற்சட்டையும் தாராளமாக வரும். கரையை வீணாக்காமல் பொக்கற் வாய்க்கு வையுங்கள்.

சில பழைய தாள்களில் அச்சே இருக்காது, வெறும் துளைகள்தான். பெரிய துளை எது, சிறிய துளை எது என்பது கூடவே வரும் விளக்கத்தாளில் இருக்கும். விளக்கத்தாள் இல்லாத உறையை, நல்ல பழக்கமுள்ள கை என்றால் மட்டும் வாங்குங்கள். துண்டுகளை அங்கேயே எண்ணிப் பாருங்கள், இடுப்புப் பட்டிதான் வழக்கமாகத் தொலைந்திருக்கும். 1960களின் கடைசியில் இழுபடும் துணிக்கென்றே உறைகள் வரத் தொடங்கின. அவற்றின் ஓரத்தில் துணி எவ்வளவு இழுபடவேண்டும் என்று ஒரு அளவுகோல் அச்சிட்டிருக்கலாம். துணியை அதில் வைத்து இழுத்துப் பார்த்து வாங்கவேண்டும். சேலைத் துணி அதற்கு ஆகாது.

மூலத்தாளை வெட்டாதீர்கள். மெல்லிய சூட்டில், நீராவி இல்லாமல் அயர்ன் பண்ணி, வேறு தாளில் கீறி எடுங்கள். ஊரில் நாங்கள் ஈழநாடு பத்திரிகையில் வெட்டினோம். இங்கே மருத்துவர் பரிசோதனைக் கட்டிலில் விரிக்கும் சுருள் தாள் மலிவு, ஊடாகக் கோடும் தெரியும். மூட்டுக்கு அனேகமாக எட்டில் ஐந்து அங்குலம், அதாவது ஒன்றரைச் சென்ரிமீற்றர், உள்ளடக்கியே இருக்கும். நாங்கள் ஊரில் தாளுக்கு வெளியே மூட்டுக்கு விட்டு வெட்டிப் பழகியவர்கள். இங்கே இரண்டுதரம் விட்டால் சட்டை சாக்காகிவிடும்.

மெசின் இல்லாதவர்கள் யூலை முதலாம் திகதியை மறக்கவேண்டாம். இந்த நகரத்தில் பலர் அன்றுதான் வீடு மாறுகிறார்கள், வேண்டாததை எல்லாம் வீதியோரத்தில் வைப்பார்கள். கனமான கறுப்புச் சிங்கர் கண்ணிற் பட்டால் அடியில் இலக்கத்தைப் பாருங்கள். ஜே என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கினால் அது மொன்றியலுக்குத் தென்கிழக்கே சென்-ஜான்-சூர்-ரிஷ்லியூவில் இருந்த சிங்கர் தொழிற்சாலையில் செய்தது. அது மூடப்பட்டது 1986இல். இலங்கைக்குச் சிங்கர் 1877இலேயே வந்துவிட்டது, அம்மம்மாவின் மெசினுக்கு எண்ணெய் விட்ட கைக்கு இதற்கும் விடத் தெரியும். வார் இற்றுப்போயிருந்தால் மாற்றலாம், பயப்படவேண்டாம்.

உறைகள் இப்போது 25 சதத்துக்கு வருவதில்லை. நாங்கள் கடைசியாகப் போன இலையுதிர் காலத்தில் ஒன்று இரண்டு டொலர் கேட்டார்கள். பழைய உறைகளைச் சேகரிப்பவர்களும் வந்துவிட்டார்கள், றோட் ஐலன்ட் பல்கலைக்கழகத்தில் இவற்றுக்கென்றே பெரிய காப்பகம் இருக்கிறது. ஆனாலும் மேசையின் கீழே குனிந்து பார்ப்பவருக்கு இன்னமும் அகப்படுகிறது. சென்றமுறை கிடைத்த ஒன்றின் பின்பக்கத்தில் பென்சிலால் யாரோ ஒரு தாய் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்: இடுப்பில் அரை அங்குலம் விடு, நீளம் அவள் கேட்டபடி.

அன்று கட்டைக் காற்சட்டைக்குச் சண்டை பிடித்த பிள்ளைக்கு இப்போது பள்ளி செல்லும் மகள் உண்டு. மூன்று கோட்டு உறை அவளிடந்தான் இருக்கிறது. கீறி எடுக்க விரும்புபவர்கள் சஞ்சிகைக்கு ஒரு வரி எழுதினால் தாளைப் பிரதி எடுத்துக் கொடுப்போம். மே மாத விற்பனைக்குப் போகிறவர்கள் சில்லறைக் காசும் அளவு நாடாவும் கொண்டு போங்கள். கதவு ஒன்பது மணிக்குத் திறந்தால் ஒன்பதரைக்கு முன் உள்ளே போய்விடவேண்டும்.